கீழ்வீட்டுக்காரன் சொன்ன நேரம்

வார்டோ ஒரு தீவு.
வெளியே போகக் கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை.
இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடலாம்.
தலைக்கு மேல் கடல் பட்ட பாடு
காரில் இருப்பவனுக்குத் தெரியாது.

என் தூக்கமும் அப்படித்தான்.

"தூக்கத்தில்தானே வலிப்பு, பரவாயில்லை" என்றார்
தெற்கிலிருந்து வந்திருந்த மருத்துவர்.
"பகல் முழுக்க உங்களுடையது."
நவம்பர் கடைசி.
சன்னலுக்கு வெளியே நண்பகல்
நீலமாய் இருட்டிக் கிடந்தது.
சூரியன் வர இனி ஜனவரி பாதியாகும்.
எந்தப் பகல் என்று நான் கேட்கவில்லை.
மருந்துச் சீட்டை நாலாய் மடித்துக்கொண்டேன்.

பதினோரு வருடம்.
ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.
எனக்கு வருவதெல்லாம் மிச்சம்:
நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம்,
தலையணை உறையில் துருவின் நிறம்,
என் தோள்களை யாரோ இரவல் வாங்கி
விடிய விடிய மூட்டை சுமந்துவிட்டு
திரும்ப மாட்டிவிட்டுப் போனது போல ஒரு வலி.

பார்த்தவள் குட்வெய்க்.
காலுறைப் பின்னலுக்குக் கண்ணி எண்ணும் நோட்டில்
இடப்பக்கம் குதிகால், விரல்நுனி.
வலப்பக்கம் நான்.
'நாலு பத்து. இரண்டு நிமிடம் இருபது வினாடி.
வலது கை முதலில்.'
'குறட்டை மட்டும்.'
'குறட்டை மட்டும்.'
'முடிந்ததும் என்னை யாரென்று கேட்டான்.'
அவள் என்ன பதில் சொன்னாள் என்று எழுதியிருக்கவில்லை.

நோய் எனக்கு.
தூக்கம் போனது அவளுக்கு.

அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது,
பெர்கனுக்கு ஒன்பது நாள்.
கிளம்புமுன் கூர்முனை மேசையை நகர்த்தினாள்,
கட்டிலோரம் கம்பளத்தை இரட்டையாய் விரித்தாள்,
போகட்டுமா என்று மூன்று தடவை கேட்டாள்.
மூன்றாவது தடவை எரிந்து விழுந்தேன்.

முதல் காலை, கண்ணாடி முன் நாக்கை நீட்டினேன்.
காயமில்லை. உறை வெள்ளை.
இரண்டாம் காலையும்.
மூன்றாம் காலை தோளில் ஏதோ இருந்தது,
பனி அள்ளியதாக இருக்கலாம்.
தடயம் விடாத திருடன் வரவில்லை என்றாகுமா?
விளக்கு போட்டுக் கட்டிலைச் சுற்றி வந்தேன்,
என் வீட்டில் நானே போலீஸ்.

ஐந்தாம் நாள், மாடிப்படியில் ரிம்விதாஸ்.
கீழ்வீட்டு லித்துவேனியாக்காரன்,
ஆலையில் நண்டு உடைப்பவன், கையில் குப்பைப் பை.
"நாலே கால் மணிக்கு என்னய்யா ஆணி அடிக்கிறாய்?
துடைப்பக் கட்டையால் மூன்று தடவை இடித்தேன்.
நீ நிறுத்தவேயில்லை.
பிறகு தானாக நின்றது."

கட்டில் கால்.

சொன்னேன். அந்தச் சொல் அவனுக்குப் புரியவில்லை.
அதனால் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு
நான் பார்த்தேயிராத ஒன்றை
நடித்துக் காட்டினேன்,
நோட்டில் இருந்தபடி,
வலது கை முதலில்.

அவன் பையைக் கீழே வைத்தான்.
நெடுநேரம் தன் துடைப்பத்தை நினைத்தான் போல.
பிறகு, தணிந்த குரலில்:
"இடிக்கு இடி நடுவில் உன்னைத் திட்டினேன்.
எங்கள் மொழியில், நீளமான வசவு.
இரண்டு நிமிடம் வரும்."

அன்று இரவு படுத்தபோது
தரைக்கு அடியிலிருந்து ஒரு தட்டல்.
மெதுவாக.
குதிகாலால் திருப்பித் தட்டினேன்.

குட்வெய்க் மறுநாள் போன் செய்தாள்.
நன்றாகத் தூங்கினாயா என்றாள்.
நீ, என்றேன்.
"ஒன்பது மணிவரை," என்றாள்
ஏதோ கையாடல் செய்துவிட்டவள் போல.

அப்போது சொல்லவில்லை.
நோட்டின் வலப்பக்கம்
முதல் தடவையாக என் கையெழுத்து:
'நாலே கால். மூன்று இடி, இரண்டு வசவு.
சாட்சி, கீழ்வீடு.'